கனெக்டிங் ஃபிளைட் கைவிட்டுப் போனவர்கள் இங்கே வாருங்கள்

பெரம்பூர்வாசி:

சென்னையில் நள்ளிரவு தாண்டிக் கிளம்ப வேண்டிய விமானம். டெக்னிக்கல் கோளாறு என்று எங்களை உள்ளே உட்காரவைத்தே ரெண்டு மணி நேரத்துக்கு மேல் ஓட்டிவிட்டார்கள். ஃபிராங்ஃபர்ட்டில் சக்கரம் தரையைத் தொடும்போதே தெரியும், ஸ்வீடனில் கோத்தன்பர்க் போகும் அடுத்த விமானம் கிடைக்காது என்று. ஆனாலும் ஓடினோம். இந்தியாவிலிருந்து வந்து இறங்குகிறவர்களுக்கு அங்கே மறுபடியும் செக்யூரிட்டி. எனக்கு முன்னால் ஒரு மாமி கைப்பையிலிருந்து ஆவக்காய் பாட்டிலை எடுத்து வைத்துக்கொண்டு, இது தண்ணீர் இல்லை, ஊறுகாய் என்று ஒரு ஜெர்மன்காரரிடம் வாதாடிக்கொண்டிருந்தார். அவர் பாட்டிலைச் சாய்த்துக் காட்டினார். எண்ணெய் மெதுவாக ஓடியது. கேஸ் முடிந்தது.

அதைத் தாண்டினால் ஷெங்கனுக்குள், அதாவது ஒரே விசாவில் போய்வரும் ஐரோப்பிய நாடுகளுக்குள், நுழைய பாஸ்போர்ட் கன்ட்ரோல். ஐரோப்பியர்கள் வரிசை மளமளவென்று போகிறது, நம் வரிசை அசையவில்லை. கேட்டுக்குப் போனால் போர்டில் எங்கள் விமானமே இல்லை. சர்வீஸ் கவுண்டரில் திருவிழாக் கூட்டம். ஓரமாக ஒரு மெஷின் நின்றது, யாரும் அதைச் சீண்டவில்லை. பழைய போர்டிங் பாஸைக் காட்டினேன், மாலை விமானத்துக்குப் புதிய பாஸ் வந்து விழுந்தது. நாங்கள் வானத்தில் இருக்கும்போதே மாற்றிவிட்டிருக்கிறார்கள். ஒரே பிஎன்ஆரில், அதாவது ஒரே புக்கிங் எண்ணில், எடுத்த டிக்கெட் என்பதால் இது தானாக நடந்தது.

நான் எழுத வந்தது அதற்கு அடுத்த கட்டத்தைப் பற்றி. ஐரோப்பாவில் 261/2004 என்று ஒரு விதி இருக்கிறது. கடைசியாகப் போய்ச் சேரும் ஊருக்கு 3 மணி நேரமோ அதற்கு மேலோ தாமதமாகச் சேர்ந்தால் பணம் உண்டு. 3,500 கிலோமீட்டருக்கு மேற்பட்ட பயணத்துக்கு 600 யூரோ. தாமதம் 4 மணி நேரத்துக்குள் என்றால் அதில் பாதிதான் தருவார்கள். முதல் விமானம் எவ்வளவு லேட் என்பது கணக்கே இல்லை. ஜெர்மனியின் பிரேமனிலிருந்து பாரிஸ், சாவ் பாலோ வழியாகப் பராகுவே போன ஒரு பயணிக்கு முதல் விமானம் சுமார் ரெண்டரை மணி நேரம்தான் லேட். அடுத்தடுத்த இணைப்புகள் தவறி, ஊர் போய்ச் சேரும்போது 11 மணி நேரம் லேட். அவருக்கு இழப்பீடு உண்டு என்று 2013இல் ஐரோப்பிய நீதிமன்றம் சொல்லிவிட்டது. புயல், பனி என்றால் விமான நிறுவனம் கை விரிக்கலாம். ஆனால் அப்போதும் சாப்பாடும் தங்கலும் தந்தாக வேண்டும். சாதாரண டெக்னிக்கல் கோளாறைச் சொல்லித் தப்பிக்க முடியாது. எனக்கு முதலில் 'வருந்துகிறோம்' என்று ஒரு மெயில் வந்தது. விதி எண்ணையும் தீர்ப்பையும் போட்டுத் திருப்பி எழுதினேன், பணம் வந்தது.

ரெண்டு விஷயம் கவனியுங்கள். இந்தியாவிலிருந்து ஐரோப்பா போகும்போது ஐரோப்பிய நிறுவன விமானம் என்றால்தான் இந்த விதி செல்லும். ஐரோப்பாவிலிருந்து கிளம்பும்போது எந்த நாட்டு நிறுவனமானாலும் செல்லும். அப்புறம், சென்னை–ஃபிராங்ஃபர்ட்–சிகாகோ மாதிரி ஒரே டிக்கெட்டில் ஐரோப்பாவை வெறும் மாறுமிடமாக வைத்துப் போகிறவர்களுக்குக் கிடையாது. 2022இல் வந்த தீர்ப்பு அது. அமெரிக்கா போகும் நம்மவர்களில் பலர் இது தெரியாமல் கிளெய்ம் ஏஜென்ட்டுகளிடம் போய் நிற்கிறார்கள்.

சிங்காநல்லூர்க்காரன்:

அண்ணா, நீங்க கொடுத்துவைத்தவர். ஒரே டிக்கெட். எனக்கு டொரான்டோவிலிருந்து டில்லி வரை ஆபீஸ் எடுத்துக் கொடுத்தது, டில்லி–கோவை நான் தனியாக எடுத்தது. நடுவில் தாராளமாக நேரம் இருந்தது. ஆனால் ஜனவரி மாசம், டில்லி. வேற சொல்ல வேண்டுமா? பனிமூட்டம் என்று ஜெய்ப்பூருக்குத் திருப்பிவிட்டார்கள். அங்கே இறங்கவும் விடவில்லை. விமானத்துக்குள்ளேயே உட்கார்ந்து, ஜன்னல் வழியாக வெயில் காய்கிற ஜெய்ப்பூரைப் பார்த்துக்கொண்டிருந்தோம். டில்லியில் கண்ணுக்கு எதுவும் தெரியவில்லையாம்.

ஒருவழியாக டில்லி வந்தால் இமிக்ரேஷன், பெல்ட்டில் பெட்டிக்குக் காத்திருப்பு, கஸ்டம்ஸ். வெளிநாட்டிலிருந்து வந்தால் பொதுவாக முதலில் இறங்கும் ஊரிலேயே பெட்டியை எடுத்து கஸ்டம்ஸைத் தாண்டித்தான் ஆக வேண்டும். அப்புறம் டெர்மினல் 3லிருந்து 1க்கு பஸ். ரெண்டும் ஒரே விமான நிலையம் என்று பேர்தான், ரோட்டில் இறங்கிப் போக வேண்டும். கவுண்டரில் போய் நின்றால், விமானம் இன்னும் நிற்கிறது, கவுண்டர் ஒரு மணி நேரம் முன்னாலேயே மூடியாச்சு. அந்தப் பொண்ணு பாவம், நல்லபடியாகத்தான் சொன்னது: "சார், உங்க இன்டர்நேஷனல் லேட்டானது எங்க சிஸ்டத்துல தெரியாது. எங்களுக்கு நீங்க நோ ஷோ." டிக்கெட் இருந்தும் வராமல் போனவர் என்று அர்த்தம். கோபப்பட்டு என்ன செய்ய? அவர்கள் சொன்னதில் தப்பு இல்லை. ரெண்டு கம்பெனிக்கும் நடுவில் எந்த ஒப்பந்தமும் கிடையாது.

கோவைக்கு அன்றைக்கு மிச்சமிருந்த டிக்கெட்டின் விலையைப் பார்த்தால் டொரான்டோவுக்கே திரும்பிப் போய்விடலாம் போல இருந்தது. சென்னைக்குக் கொஞ்சம் மலிவாகக் கிடைத்தது. சென்னை வந்து, சென்ட்ரலில் சேரன் எக்ஸ்பிரஸுக்குக் கரண்ட் புக்கிங்கில் ஒரு அப்பர் பெர்த். பொங்கல் கூட்டம் ஓய்ந்த வாரம் என்பதால் தப்பித்தேன். காலையில் கோவை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். நோ ஷோ ஆனாலும் டிக்கெட்டில் இருக்கிற வரியும் விமான நிலையக் கட்டணமும் திரும்ப வர வேண்டும், அது இந்திய விமானப் போக்குவரத்தைக் கண்காணிக்கும் டிஜிசிஏவின் விதி. பெரிய தொகை இல்லை. ஆனால் நாமாகக் கேட்டு வாங்கினால்தான் உண்டு.

வில்லிவாக்கம் டு பாஸ்டன்:

உங்களுக்கெல்லாம் இங்கிலீஷ் தெரியும், போன் இருக்கிறது, ஓடுவதற்குக் காலும் இருக்கிறது. என் பிரசவத்துக்கு அம்மா தனியாக வந்தார்கள். முட்டி வலி, தமிழ் மட்டும்தான். நவம்பர் மழையில் சென்னையிலேயே லேட். துபாயில் பாஸ்டன் விமானம் போயாச்சு, அடுத்தது மறுநாள்தான்.

நான் இங்கே வாட்ஸ்அப் கால் போட்டுப் போட்டுப் பார்க்கிறேன், ரிங்கே போகவில்லை. அமீரகத்தில் வாட்ஸ்அப் கால் கிடையாது என்று எனக்கு நினைவு வரவே நேரமாகிவிட்டது. மெசேஜும் வாய்ஸ் நோட்டும் போகும். 'அம்மா, பயப்படாதே, எங்கே இருக்கே சொல்லு' என்று வாய்ஸ் நோட் போட்டேன். பதில் வந்தது: "ஒரு மலையாளத்துப் பையன் நாற்காலில வச்சுத் தள்ளிட்டுப் போறான்டி. சாப்டியா நீ?"

வீல்சேர் கேட்டு புக் செய்திருந்ததுதான் காப்பாற்றியது. டிக்கெட் எடுக்கும்போதே சொல்லிவிட்டால் போதும், காசு கிடையாது. வீல்சேரில் வருகிறவர்களைக் கூட்டத்தில் விட்டுவிட மாட்டார்கள், ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்கு மாற்றிக்கொண்டே போவார்கள். அந்தப் பையன் மலையாளத்தில் பேச, அம்மா தமிழில் பேச, ரெண்டு பேரும் டெஸ்குக்குப் போய்ப் புது டிக்கெட்டும் ஹோட்டலும் வாங்கிவிட்டார்கள். சாப்பாட்டு வவுச்சரும் கொடுத்தார்கள். அம்மா அதை ரசீது என்று நினைத்து பத்திரமாகப் பர்ஸில் மடித்து வைத்துவிட்டு, கையிலிருந்த முறுக்கோடு ராத்திரியை ஓட்டியிருக்கிறார்கள். பாஸ்டனில் இறங்கியதும் "இதுக்கு எவ்வளவு பிடிச்சாங்கன்னு பாரு" என்று என்னிடம் நீட்டினார்கள்.

பெரிய கவலை மாத்திரை. பி.பி. மாத்திரை முழுக்கப் பெரிய பெட்டியில், பெட்டி விமானக் கம்பெனியிடம். லேகியமும் பிள்ளை மருந்தும் மட்டும் கைப்பையில் வந்தது! அம்மா அப்பா வருகிறார்கள் என்றால் மாத்திரைகளை மூன்று நாளைக்காவது கைப்பையில் வையுங்கள். கூடவே ஒரு தாளில், தமிழ் மட்டும்தான் பேசுவார், இந்த விமானம், இந்த ஊர், மகளின் நம்பர் இது என்று இங்கிலீஷில் எழுதிக் கொடுங்கள். போனில் சேமித்து வைத்தால் போதாது. சார்ஜ் போய்விடும், அல்லது அவர்களுக்குத் திறக்கத் தெரியாது.

கவுண்டருக்கு அந்தப் பக்கம்:

வளைகுடாவில் ஒரு விமான நிலையத்தில் டிரான்ஸ்ஃபர் டெஸ்கில் வெகுகாலம் இருந்தவன். தங்கச்சி சொன்ன மலையாளத்துப் பையன்களோடுதான் டீ குடித்தேன்.

எந்த விமானம் லேட்டாக வருகிறது, யாருக்கெல்லாம் இணைப்பு தவறும் என்ற பட்டியல் எங்களுக்கு முன்கூட்டியே வந்துவிடும். முடிந்தவரை மாற்றியும் வைத்துவிடுவோம். அதனால் இறங்கியதும் முதல் வேலை போனை ஆன் செய்து விமான நிறுவனத்தின் ஆப்பைப் பார்ப்பது. வரிசையில் நில்லுங்கள், ஆனால் நின்றுகொண்டே கால் சென்டருக்கும் போன் போடுங்கள். எங்கள் முன்னால் இருக்கும் அதே திரைதான் அவர்களிடமும் இருக்கிறது. ஒரு விமானத்தில் மிச்சமிருக்கும் நாலு சீட்டுக்கு நாற்பது பேர் நிற்கும்போது, "அடுத்தது எப்போ?" என்று கேட்பவரைவிட, "பாஸ்டன் இல்லையென்றால் நியூயார்க் பரவாயில்லை" என்று சொல்பவருக்குச் சீக்கிரம் வழி கிடைக்கும். கோத்தன்பர்க் போகிறவர் கோபன்ஹேகன் கேட்கலாம், அங்கிருந்து ரயில் இருக்கிறது. கத்துகிறவர்களுக்கு முதலில் சீட் கிடைக்கும் என்று ஊரில் ஒரு நம்பிக்கை இருக்கிறது. நான் பார்த்தவரை, கத்தினால் மேனேஜர் வருவார், சீட் வராது.

பயத்தில் நீங்களாகவே வேறு டிக்கெட் எடுத்து ஓடிவிடாதீர்கள். ஒரே டிக்கெட்டில் ஒரு கட்டத்தில் நீங்கள் ஏறவில்லை என்றால், அதற்குப் பின்னால் இருக்கும் பயணம் முழுக்க ரத்தாகலாம். ரிட்டர்னும் சேர்த்து. முதலில் டெஸ்கில் சொல்லி மாற்றச் சொல்லுங்கள்.

வெளியே ஹோட்டல் என்று கொடுத்தால், அந்த நாட்டுக்குள் நுழைய உங்கள் பாஸ்போர்ட்டுக்கு அனுமதி உண்டா என்று அங்கேயே கேட்டுவிடுங்கள். வவுச்சரை வைத்துக்கொண்டு இமிக்ரேஷன் வரை போய்த் திரும்பி வந்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். பெட்டி வரவில்லை என்றால், பெல்ட் ஹாலை விட்டு வெளியேறும் முன் பி.ஐ.ஆர். என்ற பெட்டிப் புகார்ப் படிவத்தை எழுதி வாங்குங்கள். பெட்டி கைக்கு வந்த நாளிலிருந்து 21 நாளுக்குள் தாமதத்துக்கான புகாரை எழுத்தில் கொடுக்க வேண்டும். உடைந்து வந்தால் 7 நாள்தான். சர்வதேச விமானப் பயணத்துக்கான மான்ட்ரியல் ஒப்பந்தத்தில் இருப்பது இது, இந்தியாவுக்கும் பொருந்தும்.

டிக்கெட் எடுக்கும்போது ஒரு வார்த்தை. ஃபிராங்ஃபர்ட்டில் 45 நிமிஷ இணைப்பு என்று காட்டினால் அது பொய்யில்லை, அங்கே குறைந்தபட்ச இணைப்பு நேரமே அவ்வளவுதான். ஆனால் அந்தக் கணக்கில் ஆவக்காய் மாமி கிடையாது.

சிங்காநல்லூர்க்காரன்:

அண்ணா, தனித்தனி டிக்கெட் என்றால் ஒன்றுமே செய்ய முடியாதா?

கவுண்டருக்கு அந்தப் பக்கம்:

முதல் விமானம் கிளம்பும் முன்னாலேயே லேட் என்று தெரிந்துவிட்டால், ரெண்டாவது கம்பெனிக்கு உடனே பேசித் தேதி மாற்றுங்கள். கம்பெனி வைத்திருக்கும் கெடுவுக்குள் பேசினால் மாற்றுக் கட்டணமும் டிக்கெட் விலை வித்தியாசமும்தான், விட்டுவிட்டால் நோ ஷோ. டிராவல் இன்ஷூரன்ஸ் எடுத்திருந்தால் தவறிய இணைப்புக்கு இடமிருக்கிறதா என்று பாலிசியில் பாருங்கள். அதற்கு முதல் விமானக் கம்பெனியிடம் 'இவ்வளவு லேட், இந்தக் காரணம்' என்று ஒரு கடிதம் வேண்டும். விமான நிலையத்தில் கேட்டால் அங்கேயே கிடைத்தாலும் கிடைக்கும். வீட்டுக்குப் போய் மெயிலில் கேட்டால் இழுத்தடிப்பார்கள்.