கிராண்ட் இல்லாத மோட்டார், உரிமையாளரும் உயிரோடு இல்லை: என்ன செய்வது?

மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டத்தில் இருக்கிறேன். நவம்பரில் பக்கத்து லயத்துப் பையனிடம் 800 வெள்ளிக்கு (ரிங்கிட்) ஒரு பழைய மோட்டார் சைக்கிள் வாங்கினேன். மோடெனாஸ் கிரிஸ் 110, 2005ஆம் வருட வண்டி, பேராக் பதிவு. எஞ்சின் நன்றாக ஓடுகிறது. ஆனால் கிராண்ட் (வண்டியின் உரிமைச் சான்றிதழ்) இல்லை, சாலை வரி 2021லேயே முடிந்துவிட்டது.

வண்டி அவன் மாமா பெயரில் இருக்கிறது. அவர் 2020இல் இறந்துவிட்டார். இதை வாங்கும்போதே கேட்டிருக்க வேண்டும். சாவியைக் கொடுத்தான், காசைக் கொடுத்துவிட்டேன்.

கிராண்ட் தொலைந்ததாக போலீஸ் புகார் செய்தாயிற்று. ஜேபிஜே (சாலைப் போக்குவரத்துத் துறை) கவுண்டரில் கேட்டபோது, பெயர் மாற்ற உரிமையாளர் நேரில் வந்து கைரேகை வைக்க வேண்டும் என்றார்கள். இறந்துவிட்டார் என்றதும் வாரிசுக் கடிதம் கேட்டார்கள். அத்தை, அதாவது அவருடைய மனைவி, கையெழுத்துப் போடத் தயார். மரணச் சான்றிதழும் திருமணச் சான்றிதழும் அவரிடம் உள்ளன. உயில் கிடையாது. மூத்த மகன் ஜொகூரில் வேலை செய்கிறார், அவருக்கும் ஆட்சேபம் இல்லை. சேசிஸ் எண்ணும் எஞ்சின் எண்ணும் தெளிவாகவே தெரிகின்றன, சுரண்டிய தடம் எதுவும் இல்லை.

காலை ஐந்தரை மணிக்கு ஆலைக்குப் போகத் தோட்டத்திலிருந்து பஸ் இல்லை. சாலை வரியும் காப்புறுதியும் இல்லாமல் ஓட்ட எனக்கு மனம் இல்லை, அதனால் வண்டி வாசலிலேயே நிற்கிறது.

இப்படி இறந்தவர் பெயரில் இருந்த மோட்டாரை மாற்றியவர்கள் சொல்லுங்கள்: அத்தை முதலில் அமானா ராயாவுக்கு (இறந்தவர்களின் சொத்துகளைக் கவனிக்கும் அரசு நிறுவனம்) போக வேண்டுமா, நில அலுவலகத்துக்கா?