இங்கிலாந்துக்குக் குடும்பத்துடன் வருவோர் கவனத்திற்கு: சின்னம்மைத் தடுப்பூசி

நான் இங்கு வந்த முதல் ஆண்டிலேயே, முப்பத்திரண்டு வயதில், எனக்குச் சின்னம்மை கண்டது. அது சிறு பிள்ளைகளுக்கு வருவது என்ற நினைப்பில் இருந்த எனக்கு, மூன்று வாரம் படுத்தபோதுதான் விவரம் புரிந்தது. இங்கு வளர்ந்தவர்களில் பெரும்பாலோருக்குச் சிறு வயதிலேயே அது வந்து போயிருக்கும்; நம்மைப் போன்ற வெப்பநாட்டிலிருந்து வருபவர்கள் பலருக்கு அந்த எதிர்ப்புச் சக்தி இருப்பதில்லை. பெரியவர்களுக்கு வந்தால் நுரையீரல் அழற்சி வரை போகக்கூடும்.

ஆகவே கருத்தரிக்க எண்ணும் பெண்கள், தமக்கு அம்மை வந்திருக்கிறதா என்று ஊரில் அம்மாவிடம் முதலில் கேட்டுவிடுங்கள். வராதவர்கள் தடுப்பூசி பற்றி இப்போதே மருத்துவரிடம் பேசுவது நல்லது. ஏனெனில் இது உயிருள்ள கிருமியை வலுவிழக்கச் செய்து தயாரிக்கும் ஊசி என்பதால் கர்ப்ப காலத்தில் போட முடியாது, போட்ட பிறகும் ஒரு மாதம் கருத்தரிப்பைத் தள்ளிப்போட வேண்டும். கர்ப்பிணி ஒருவர் அம்மை கண்டவருடன் ஒரே அறையில் இருந்துவிட்டால், கொப்புளம் வரட்டும் என்று காத்திராமல் அன்றே ஜி.பி. எனப்படும் குடும்ப மருத்துவரையோ மருத்துவச்சியையோ தொலைபேசியில் அழைக்க வேண்டும். காத்திருப்போர் அறையில் போய் உட்காரக் கூடாது. இரத்தப் பரிசோதனையில் எதிர்ப்புச் சக்தி இல்லை என்று தெரிந்தால், ஏழாம் நாளிலிருந்து வைரஸ் தடுப்பு மாத்திரை கொடுப்பார்கள்.

மருத்துவமனை வேலைக்கு வரும் செவிலியர்களிடம், சிறு வயதில் அம்மை வந்தது என்று சொன்னாலும் இரத்தப் பரிசோதனை கேட்பதுண்டு. அது அவமதிப்பு அல்ல. வெளிநாட்டில் வளர்ந்தவர்களின் நினைவை மட்டும் நம்பி முடிவெடுக்க வேண்டாம் என்பதே இங்குள்ள வழிகாட்டுதல்.

இனிப் பிள்ளைகள். அமெரிக்கா 1995-இலேயே தொடங்கிய சின்னம்மைத் தடுப்பூசியை, இங்கு 2026 ஜனவரியில்தான் தேசியத் திட்டத்தில் சேர்த்தார்கள். பிள்ளைகளிடையே சின்னம்மை குறைந்தால் பெரியவர்களுக்கு அக்கி கூடிவிடும் என்ற அச்சமே தாமதத்திற்கு முக்கியக் காரணம். அமெரிக்காவின் நீண்ட அனுபவம் அந்த அச்சத்தைத் தணித்த பிறகே, 2023 நவம்பரில் நிபுணர் குழு பரிந்துரைத்தது. இப்போது தட்டம்மை, பொன்னுக்குவீங்கி, ரூபெல்லா ஆகியவற்றோடு சின்னம்மையையும் சேர்த்துத் தடுக்கும் ஒரே ஊசியை 12-ஆம் மாதத்திலும் 18-ஆம் மாதத்திலும் இலவசமாகப் போடுகிறார்கள். 2020 முதல் 2024 வரை பிறந்தவர்களுக்குப் பிறந்த தேதியைப் பொறுத்து ஒன்றோ இரண்டோ தவணை உண்டு. அதற்கு முன் பிறந்தவர்களுக்கு இத்திட்டத்தில் இடமில்லை. தனியார் மருந்தகத்தில் பணம் கட்டித்தான் போட வேண்டும்.

இந்திய அரசின் திட்டத்தில் இந்த ஊசி இல்லாததால், தனியார் மருத்துவரிடம் போட்டிருந்தால் அந்த அட்டையைக் கட்டாயம் எடுத்து வாருங்கள். மருந்தின் பெயரும் போட்ட தேதியும் தெளிவாக இருந்தால், ஜி.பி.யில் பதிவு செய்யும் அன்றே அதைச் சேர்த்துக்கொள்ளச் சொல்லலாம். பன்றியிலிருந்து எடுக்கும் ஜெலட்டின் கலந்த ஊசியைத் தவிர்க்க விரும்பும் குடும்பங்கள் அதைச் செவிலியரிடம் முன்கூட்டியே சொன்னால், அது கலவாத வேறு நிறுவனத்தின் ஊசியைக் கேட்டுப் பெறலாம்.