ஓடையில் இரவில் விடப்படும் சாயக்கழிவு: தேர்தலைப் புறக்கணித்தால் பலன் உண்டா?

கொரங்காட்டுக்காரன் (கேள்வி):

அனைவருக்கும் வணக்கம். சென்னிமலைக்கும் காங்கேயத்துக்கும் இடையில் உள்ள ஒரு சிற்றூரிலிருந்து எழுதுகிறேன். எங்களுக்கு வாய்க்கால் பாசனம் கிடையாது. கிணற்றையும் ஆழ்குழாயையும் நம்பிக் கொஞ்சம் தென்னை, கொரங்காடு என்னும் மேய்ச்சல் நிலத்தில் மேயும் மாடுகள், இவ்வளவுதான் பிழைப்பு. ஊருக்கு மேற்கே ஓடையை ஒட்டிப் பல ஆண்டுகளாகப் பூட்டிக் கிடந்த விசைத்தறிக் கொட்டகை ஒன்றை வெளியூர்க்காரர் ஒருவர் வாடகைக்கு எடுத்து, பெயர்ப்பலகைகூட வைக்காமல் சாயப்பட்டறை நடத்தி வருகிறார். பகலில் ஓடை காய்ந்து கிடக்கும். இரவு பதினொரு மணிக்கு மேல் மோட்டார் ஓடும். விடிந்ததும் போய்ப் பார்த்தால் ஓடைக் குழிகளில் ஒருநாள் கருநீலமாகவும் ஒருநாள் மெரூன் நிறமாகவும் தண்ணீர் தேங்கியிருக்கும்; மார்கழிக் குளிரில் அதன்மேல் ஆவி பறந்ததைப் பார்த்தோம். ஓடையை ஒட்டிய மூன்று கிணறுகளில் இப்போது வாளி விட்டு இறைத்தால் நுரை அடங்கச் சற்று நேரம் ஆகிறது. மாடுகள் தொட்டியில் வாயை வைத்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொள்கின்றன.

திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் மனுக் கொடுத்தோம். விவசாயிகள் குறைதீர் கூட்டத்தில் எழுந்து பேசினோம். முதலில் "உரிய நடவடிக்கைக்காக அனுப்பப்பட்டுள்ளது" என்று பதில் வந்தது. பிறகு "கள ஆய்வின்போது கழிவுநீர் வெளியேற்றம் எதுவும் காணப்படவில்லை" என்று வந்தது. ஆய்வுக்கு வந்தவர்கள் பகல் பதினொரு மணிக்கு வந்து போனார்கள் என்பதைச் சொல்லத் தேவையில்லை. ஆளும் கட்சிக்காரரிடம் போனால் "பேசிவிடுகிறேன்" என்கிறார். எதிர்க்கட்சிக்காரரிடம் போனால் "எங்கள் ஆட்சி வரட்டும்" என்கிறார். இருவர் வீட்டு விசேஷங்களிலும் பட்டறைக்காரர் முன்வரிசையில் உட்கார்ந்திருப்பதாக ஊரில் பேச்சு.

இதனால் வரும் தேர்தலை ஊரே புறக்கணிப்பது, வீடுதோறும் கருப்புக் கொடி கட்டுவது, ரேஷன் அட்டைகளைத் திருப்பி ஒப்படைப்பது என்று இளைஞர்கள் முடிவு செய்திருக்கிறார்கள். பெரியவர்களோ, பகையைத் தேடிக்கொண்டு என்ன ஆகப் போகிறது என்கிறார்கள். நான் இரண்டுக்கும் நடுவில் நிற்கிறேன். இப்படிச் செய்து பலன் கண்ட ஊர்கள் உண்டா? வேறு வழி இருந்தால் சொல்லுங்கள்.

மொடக்குறிச்சி வாக்காளன்:

புறக்கணிப்பு அறிவிப்புப் பலகை வைத்தவுடன் என்ன நடக்கும் என்பதைச் சொல்லிவிடுகிறேன். வாக்குப்பதிவுக்குச் சில நாட்கள் முன்பு வட்டாட்சியரும் காவல்துறையினரும் வந்து பேச்சுவார்த்தை நடத்துவார்கள். தேர்தல் நடத்தை விதி நடைமுறையில் இருப்பதால் இப்போது எதுவும் எழுதித்தர இயலாது, முடிந்ததும் உறுதியாகக் கவனிப்போம் என்பார்கள். பாதிப் பேர் சமாதானமாகி வாக்களிக்கப் போவார்கள். மீதிப் பேர் போகாவிட்டாலும் தேர்தல் செல்லும், வென்றவர் வென்றவர்தான். நோட்டாவும் அப்படியே: 2013இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பால் அந்தப் பொத்தான் வந்தது, ஆனால் எத்தனை பேர் அதை அழுத்தினாலும் அடுத்தபடியாக அதிக வாக்குப் பெற்றவரே சட்டமன்ற உறுப்பினர்.

எங்கள் தொகுதியில் 1996இல் நடந்தது உங்கள் இளைஞர்களுக்குத் தெரியுமா என்று தெரியவில்லை. விவசாயிகளின் குறைகளை எந்தக் கட்சியும் காதில் வாங்கவில்லை என்பதை நாட்டுக்குக் காட்டுவதற்காக, மொடக்குறிச்சி சட்டமன்றத் தொகுதியில் 1,033 பேர் வேட்பாளர்களாக நின்றார்கள். தேர்தலைத் தள்ளிவைத்து, வாக்குச்சீட்டைப் புத்தகமாகத் தைத்துக் கொடுக்க வேண்டியதாயிற்று. உலகச் செய்தியானது. அதே ஆண்டு மக்களவைத் தேர்தலில், குடிநீரில் ஃப்ளூரைடு கலந்திருப்பதைக் கண்டித்து, இன்றைய தெலங்கானாவில் உள்ள நல்கொண்டா தொகுதியில் 480 பேர் நின்றார்கள். வென்றது யார்? இங்கே தி.மு.க.வின் சுப்புலட்சுமி ஜெகதீசன் வென்றார். நின்றவர்களில் பலருக்கு ஒரு வாக்குகூட விழவில்லை. அரசு செய்த மறுவினை என்ன? அந்த ஆண்டே சட்டத்தைத் திருத்தி, சட்டமன்றத் தேர்தலுக்கு 250 ரூபாயாக இருந்த வைப்புத்தொகையை 5,000 ஆகவும், மக்களவைக்கு 500 ஆக இருந்ததை 10,000 ஆகவும் உயர்த்தினார்கள். சுயேச்சைகளுக்குப் பத்து முன்மொழிபவர்கள் வேண்டும் என்றார்கள். நாம் கொடுத்தது ஒரு தொந்தரவு. அவர்கள் அந்தத் தொந்தரவை மட்டும் சரிசெய்துகொண்டார்கள், குறை இருந்த இடத்திலேயே இருந்தது. இதைச் சொல்வதால் அந்த 1,033 பேரை நான் குறைத்துப் பேசுவதாக எண்ண வேண்டாம். கட்டுத்தொகை கட்டி, மனுத்தாக்கல் செய்யக் கூட்டத்தில் நின்று, தோற்கப் போகிறோம் என்று தெரிந்தே நின்றவர்கள் அவர்கள்.

போராடிக் கைகூடியதும் நம் பக்கத்தில் உண்டு. அத்திக்கடவு–அவினாசித் திட்டத்துக்காக அரை நூற்றாண்டுக்கு மேல் குரல் கொடுத்தார்கள். 2016இல் அவினாசியில் நடந்த தொடர் உண்ணாவிரதத்துக்குப் பின் அதை எந்தக் கட்சியும் தட்டிக்கழிக்க முடியாமல் போயிற்று; 2019இல் அடிக்கல் நாட்டி, 2024 ஆகஸ்டில் திறந்தார்கள். காலிங்கராயன் அணைக்கட்டுக்குக் கீழிருந்து உபரி நீரை ஏற்றி மூன்று மாவட்டங்களில் 1,045 குளம் குட்டைகளுக்குக் கொண்டுபோகும் திட்டம் அது. ஆனால் அங்கே கேட்டது ஓர் ஊர் அன்று, மூன்று மாவட்டங்கள். உங்கள் ஓடை கீழே எந்தெந்த ஊர் வழியாகப் போகிறது என்று முதலில் பாருங்கள்.

ஆயக்கட்டு:

மேலே நண்பர் சொன்னதில் பெரும்பகுதியை ஏற்கிறேன்; உங்கள் பிரச்சினைக்கு நெருங்கிய முன்னுதாரணம் உங்கள் காலடியிலேயே இருக்கிறது. 1992இல் பாசனத்துக்கென்று நொய்யல் ஆற்றின் குறுக்கே கட்டிய ஒரத்துப்பாளையம் அணை, சில ஆண்டுகளிலேயே திருப்பூர்ச் சாயக்கழிவின் தேக்கமாகிப் போனது. அணையைத் திறந்தால் கீழே உள்ள நிலம் கெடும், திறக்காவிட்டால் சுற்றிலும் உள்ள கிணறுகள் கெடும் என்ற நிலை. நொய்யல் ஆயக்கட்டு விவசாயிகள் சங்கம் அமைத்து 2003இல் சென்னை உயர் நீதிமன்றத்தில் பொதுநல வழக்குத் தொடுத்தார்கள். 2006 டிசம்பரில் தீர்ப்பு வந்தது. பட்டறை தரப்பு மேல்முறையீடு செய்தது. 2009 அக்டோபரில் உச்ச நீதிமன்றம், மாசுபடுத்தியவரே ஈடு தர வேண்டும் என்று சொல்லி, கழிவுநீரே வெளியேறாத நிலையை எட்ட மூன்று மாதம் கெடு விதித்தது. கெடு முடிந்தும் கழிவு நிற்கவில்லை. விவசாயிகள் அவமதிப்பு வழக்குப் போட்டார்கள். 2011 ஜனவரி 28 அன்றுதான் சாயப்பட்டறைகள் அனைத்தையும் மூடும்படி உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. எட்டு ஆண்டுகள், அதற்குள் ஆட்சியும் மாறியது, அமைச்சர்களும் மாறினார்கள், வழக்குக் கட்டு மட்டும் அப்படியே இருந்தது.

உங்கள் மனுக்களில் குறைபாடு என்னவென்றால், அவற்றில் கோபம் இருக்கிறது, எண் இல்லை. "எதுவும் காணப்படவில்லை" என்று ஒரு வரியில் முடித்துவிட முடிவது அதனால்தான். ஓடையோரக் கிணற்றுத் தண்ணீரை, அதே தண்ணீரில் மும்முறை அலசிய புட்டியில் பிடித்து, தேதி, நேரம், இடம் எழுதி ஒட்டி, இரண்டு சாட்சிகளிடம் கையெழுத்து வாங்கிக் குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் கட்டணம் கட்டிப் பரிசோதியுங்கள். பட்டறைக்கு மேல்பக்கம் உள்ள ஒரு கிணற்றுத் தண்ணீரையும் அதே நாளில் கட்டாயம் கொடுங்கள். நம் பகுதி நிலத்தடி நீர் இயல்பாகவே சற்று உப்பானது, அதுதான் காரணம் என்று எதிர்த்தரப்பு சொல்லும். மேற்கிணற்றின் அளவு கையில் இருந்தால் அந்த வாதம் நிற்காது. கரைந்த உப்புகளின் அளவு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருப்பது குடிநீருக்கு ஏற்றது, வேறு நீர் இல்லாத இடத்தில் 2,000 வரை பொறுக்கலாம் என்பது இந்தியத் தர நிர்ணயம்.

அடுத்து, தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் நீதிமன்ற வில்லை ஒட்டி, மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திடம், அந்தச் சர்வே எண்ணில் சாயத் தொழிலுக்கு இசைவாணை (வாரியத்தின் அனுமதி) வழங்கப்பட்டுள்ளதா, ஆய்வு செய்த நாள், நேரம், ஆய்வறிக்கை நகல் என்று கேளுங்கள். இசைவாணை இல்லை என்று முப்பது நாளில் எழுத்தில் வந்துவிட்டால், அதன்பின் கழிவு வந்ததா வரவில்லையா என்ற கேள்வியே எழாது. அனுமதியில்லாத ஆலை என்பதே போதும். அந்தத் தாள்களோடு சென்னையில் உள்ள தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வுக்குப் போகலாம். வழக்கறிஞர் இல்லாமல் நேரிலும் வாதிடலாம். பாதிப்பு தொடங்கி ஆறு மாதத்துக்குள் மனுச் செய்ய வேண்டும் என்பதை மட்டும் மறந்துவிடாதீர்கள்.

பனியன் கம்பெனித் தொழிலாளி:

நான் திருப்பூரில் வேலை செய்பவன். 2011இல் பட்டறைகளை மூடியபோது எங்கள் தெருவில் பல குடும்பங்கள் வாடகை கொடுக்க முடியாமல் சொந்த ஊருக்குத் திரும்பின. அவர்களுக்காக எந்த நீதிமன்றமும் ஈடு கொடுக்கச் சொல்லவில்லை. விவசாயிகள் மீது எனக்குக் கோபம் இல்லை. முறையாகச் சுத்திகரிப்பு நிலையத்துக்குப் பணம் கட்டி நடத்தும் பட்டறைகள் வேறு, அந்தச் செலவை மிச்சப்படுத்தத்தான் இப்படிப்பட்டவர்கள் உங்கள் ஊர்க் கொட்டகைக்கு ஓடி வருகிறார்கள் என்பதைப் புரிந்துகொள்ளுங்கள் என்கிறேன். உள்ளே கையுறை இல்லாமல் சாயத் தொட்டியில் கைவிட்டு வேலை செய்பவர்களும் பாதிக்கப்பட்டவர்களே. குழாய் எந்த வழியாகப் போகிறது, எந்த நேரத்தில் திறக்கிறார்கள் என்பதெல்லாம் அவர்களுக்குத்தான் தெரியும். அவர்களை விரட்டாமல் பேசிப் பாருங்கள்.

இன்னொன்று. கொட்டகை விசைத்தறிக்கானது என்கிறீர்கள். மின் இணைப்பும் விசைத்தறிக் கட்டணத்திலேயே இருக்க வாய்ப்பு அதிகம். விசைத்தறிக்கு இரண்டு மாதத்துக்கு 1,000 யூனிட் வரை இலவசம். அந்த இணைப்பில் சாய மோட்டார் ஓட்டுவது மின்சாரச் சட்டம் 2003இன் 126ஆம் பிரிவின்படி முறைகேடான பயன்பாடு; உரிய கட்டணத்தைப் போல் இரு மடங்கு விதிக்கலாம். தண்ணீர் கெட்டது என்று எழுதும் புகாரைவிட, அரசுக்கு வருமானம் போகிறது என்று எழுதும் புகார் மேசையில் கொஞ்சம் சீக்கிரம் நகரும். இது கசப்பான உண்மைதான், ஆனாலும் பயன்படுத்திக்கொள்ளுங்கள்.

முன்னாள் வார்டு உறுப்பினர்:

கேள்வி கேட்ட தம்பிக்கு ஒரு சந்தேகம் கேட்கிறேன். மனுக் கொடுக்கப் போனவர்கள் யார் யார்? கிணறு, தென்னை, மாடு என்று எழுதியிருப்பதைப் பார்த்தால் காடு தோட்டம் உள்ளவர்கள் மட்டும் போனதாகத் தோன்றுகிறது. உங்கள் ஊரில் காலனி, அதாவது பட்டியல் சாதியினர் குடியிருப்பு, இருக்கும். அங்கே ஊராட்சி ஆழ்குழாய்த் தண்ணீர் பொதுக்குழாயில் வரும். தோட்டத்துக்காரர் கிணறு கெட்டால் கேன் தண்ணீர் வாங்கிக் குடிப்பார், காலனியில் அதையேதான் குடிக்க வேண்டும். அவர்களை அழைக்காமல் "ஊரே புறக்கணிக்கிறது" என்று பலகை வைத்தால் பட்டறைக்காரர் செய்யும் முதல் வேலை, அவர்களில் நான்கு பேருக்குக் கொட்டகையில் வேலை கொடுத்து, ஊர் இரண்டுபட்டிருக்கிறது என்று அதிகாரிக்குக் காட்டுவதுதான். நான் பதவியில் இருந்தபோது இதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

கிராம சபை ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது. மார்ச் 22 உலகத் தண்ணீர் நாளிலும் உண்டு. குறைவெண் வரம்பை விசாரித்துக்கொள்ளுங்கள்: மக்கள்தொகை 500 வரை என்றால் 50 பேர், 3,000 வரை 100 பேர், 10,000 வரை 200 பேர் வர வேண்டும். பெண்கள் வந்தால் எண்ணிக்கை ஒரு பொருட்டே இல்லை. தீர்மானம் படித்து முடித்த பிறகு கையெழுத்து வாங்கும் பழக்கம் பல இடங்களில் கிடையாது. வெற்றுப் பதிவேட்டில் முதலில் கையெழுத்து வாங்கிவிடுவார்கள். நீங்கள் வாசகத்தை எழுதிக் கொண்டுபோய், பதிவேட்டில் ஏறியதைப் பார்த்து, அதன் கீழே கையெழுத்திடுங்கள். நகலை அன்றைக்கே கேட்டு வாங்குங்கள், இல்லாவிட்டால் கைப்பேசியில் படமாவது எடுங்கள்.

கொரங்காட்டுக்காரன்:

அக்கா கேட்டதற்கு நேராகவே பதில் சொல்கிறேன்: மனுக் கொடுக்கக் காலனியிலிருந்து யாரையும் அழைக்கவில்லை. நேற்று மாலை நானும் இரண்டு இளைஞர்களும் அங்கே போய்ப் பேசினோம். குழாய்த் தண்ணீரில் சோறு வடித்தால் மஞ்சளாகிறது என்று பெண்கள் காட்டினார்கள். அவர்கள் தனியாக ஊராட்சியில் சொல்லிப் பார்த்திருக்கிறார்கள், எங்களுக்குத் தெரியவே இல்லை. கொட்டகைக்குக் கூலிக்குப் போகும் ஒருவர் வீடும் அங்கேதான் இருக்கிறது. அவர் இன்னும் வாய் திறக்கவில்லை, வற்புறுத்தவும் இல்லை.

புறக்கணிப்பை இப்போதைக்கு நிறுத்தி வைக்க இளைஞர்கள் அரைமனதோடு ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். மின் இணைப்புப் புகாரை எழுதிக்கொண்டிருக்கிறோம். ஆயக்கட்டு ஐயாவிடம் ஒன்று கேட்க வேண்டும்: பொதுக்குழாய்த் தண்ணீரையும் பரிசோதனைக்குக் கொடுக்கலாமா? கழிவு வரத் தொடங்கி நான்கு மாதம் ஆகிவிட்டதால் தகவல் உரிமைப் பதிலுக்குக் காத்திருக்க நேரம் இருக்கிறதா?

ஆயக்கட்டு:

குழாய்த் தண்ணீரைத்தான் முதலில் கொடுக்க வேண்டும்; மக்கள் குடிக்கும் தண்ணீர் என்றால் தீர்ப்பாயம் பார்க்கும் பார்வையே வேறு. மேல்தொட்டியில் குளோரின் கலப்பார்கள் என்பதால் தொட்டிக்கு ஏற்றும் முன் ஆழ்குழாய் வாயிலேயே பிடித்துக்கொள்ளுங்கள். தகவல் உரிமை மனுவை நாளைக்கே பதிவுத் தபாலில் அனுப்பினால் முப்பது நாள் போக இன்னும் ஒரு மாதம் மிச்சம் இருக்கும். பதில் வராவிட்டாலும் அஞ்சல் ரசீதை வைத்து மனுச் செய்யலாம், காத்திருந்து கெடுவைத் தவறவிடாதீர்கள். சாயம் ஏற்றச் சாதாரண உப்பையும் (சோடியம் குளோரைடு) கிளாபர் உப்பையும் (சோடியம் சல்பேட்) மூட்டை மூட்டையாகப் போடுவார்கள். ஆகவே ஆய்வகத்தில் மொத்த உப்போடு குளோரைடு, சல்பேட் இரண்டையும் தனித்தனியே கேளுங்கள். மேற்கிணறு, கீழ்க்கிணறு, குழாய் மூன்றின் அளவுகளும் வந்ததும் இங்கே இடுங்கள், மனுவின் வாசகத்தைச் சேர்ந்தே எழுதிவிடலாம்.