மீன் இடம் மாறுவதைக் கணிக்கும் மாடல்: எங்கே தப்பு செய்கிறேன்?

கடல் சூடேறினால் மீன் கூட்டம் எந்தப் பக்கம் நகரும் என்று கணிக்க ஒரு மாடல் எழுதிக்கொண்டிருக்கிறேன், ஓரிடத்தில் சிக்கி நிற்கிறேன், யாராவது கைகொடுங்கள். செயற்கைக்கோள் தரும் மேற்பரப்பு வெப்பநிலையையும் படகுகளின் பிடிப்புப் பதிவுகளையும் கொடுத்துப் பழக்கினேன். பழைய ஆண்டுகளுக்கு அழகாகப் பொருந்துகிறது. ஆனால் 2007 வாக்கில் வட அட்லாண்டிக் கானாங்கெளுத்தி கூட்டம் கூட்டமாக ஐஸ்லாந்துப் பக்கம் போய், யார் எவ்வளவு பிடிக்கலாம் என்ற ஒதுக்கீட்டுக்காக நாடுகள் முட்டிக்கொண்டனவே, அதைக் கோட்டை விட்டுவிடுகிறது. வரைபடத்தில் மீன் இன்னமும் பழைய இடத்திலேயே நிற்கிறது.

வரைபடத்தில் படகு போகாத கட்டத்தில் பிடிப்பு பூஜ்யம், அதை மாடல் 'மீனே இல்லை' என்று எடுத்துக்கொள்கிறதோ என்று சந்தேகம். அப்புறம், மீன் மேல்தண்ணீர் சூட்டை மட்டுமா பார்க்கிறது? ஆழத்துக்கு இறங்கிவிடலாம், ஆக்சிஜன் குறைந்தால் விலகலாம், இரையைத் துரத்திப் போகலாம். கானாங்கெளுத்தி விஷயத்தில் கூட்டம் பெருத்ததும் ஒரு காரணம் என்கிறார்கள், அதை மாடலுக்குள் எப்படிக் கொண்டுவருவது?

இந்தப் பூஜ்யங்களை நீங்கள் எப்படிக் கையாள்கிறீர்கள்? ஆழவாரி வெப்பநிலைக்கு ஆர்கோ மிதவைத் (கடலில் ஆழத்துக்கு இறங்கி ஏறி வெப்பநிலை அளக்கும் தானியங்கிக் கருவி) தரவை எடுக்கலாம், சரி, ஆனால் கரையோர ஆழமற்ற பகுதியில் அது அவ்வளவாகக் கிடைப்பதில்லையே, அங்கே எதை வைத்துச் சமாளிப்பது? ஆய்வுக் கப்பல் தரவோடு வேலை செய்தவர்கள் இருந்தால் முதலில் நீங்கள் சொல்லுங்கள்.