சென்னையில் இறக்கும்போது சூரைப் பெட்டி லேபிள்கள் படிக்கவில்லை, அவசர உதவி

கரைவலை (காலை 6.10)
வணக்கம். தூத்துக்குடியிலிருந்து சென்னைக்குச் சூரை மீன் அனுப்புகிறோம். வழியெல்லாம் எத்தனை டிகிரியில் இருந்தது என்று பதிவு வேண்டும் என வாங்குகிறவர் கேட்டதால், பெட்டிக்கு ஒன்றாக வெப்பநிலை காட்டும் ஆர்எஃப்ஐடி லேபிள் (ரீடர் கருவி ரேடியோ அலையில் தொடாமலே படிப்பது) போட்டோம். இங்கே மூடும்போது 40 பெட்டியும் ரீடரில் வந்தது. அங்கே 9தான் வந்தது. ரீடர் பழுதா? இன்று இரவு அடுத்த லோடு போகிறது.

தராசு (6.25)
ரீடரில் நாட்டு அமைப்பைப் பாருங்கள், நாட்டுக்கு நாடு அலைவரிசை மாறும். நம் நாட்டுக்கு 865 மெகாஹெர்ட்ஸ் பக்கம். அமெரிக்க ரீடர் என்றால் 902 முதல் 928 வரை. எங்கள் குடோனில் இதே தொல்லைதான்.

அலைமானி (6.40)
நாட்டு அமைப்பு தவறென்றால் தூத்துக்குடியில் மட்டும் எப்படி 40 வரும்? கரைவலை, தேவையான எதையும் நீங்கள் சொல்லவில்லை. தள்ளி நின்றே படிக்கும் யுஹெச்எஃப் லேபிளா, போனை ஒட்டி வைத்துப் படிக்கும் என்எஃப்சியா? பேட்டரி உண்டா? பெட்டிக்கு உள்ளேயா, வெளியேயா? இங்கே பலமுறை எழுதியிருக்கிறேன், இந்த மூன்றும் இல்லாமல் கேட்காதீர்கள் என்று.

தராசு (6.48)
சென்னையில் இருப்பது வேறு ரீடராக இருக்கலாமே.

கரைவலை (7.30)
ஒரே ரீடர்தான், டிரைவரிடம் கொடுத்து விட்டோம். யுஹெச்எஃப். பாலித்தீன் கவரில் போட்டு ஐஸ் மேலேயே வைத்து மூடினோம். தெர்மாகோல் பெட்டி.

அலைமானி (7.45)
இதை முதலிலேயே சொல்லியிருக்கலாம். ரீடர் நன்றாக இருக்கிறது. கெட்டியான ஐஸ் இந்த அலையைப் பெரிதாக உறிஞ்சாது, தெர்மாகோலும் தடுக்காது. அதனால்தான் மூடும்போது எல்லாம் வந்தது. உருகிய தண்ணீர் அப்படியில்லை, அலையை விழுங்கிவிடும். உப்பும் ரத்தமும் கலந்தால் இன்னும் மோசம். அதோடு ஐஸ் இறங்க இறங்க லேபிளும் இறங்கி மீன்மேல் படுத்திருக்கும். மீனே முக்கால்வாசி தண்ணீர்.

சுங்கச்சாவடி (8.05)
ஃபாஸ்டேக்கும் இதே யுஹெச்எஃப்தானே? மழையில்கூடப் படிக்கிறதே.

அலைமானி (8.10)
அது கண்ணாடியில், உள்பக்கம், காய்ந்த இடத்தில் ஒட்டியிருக்கிறது. அதையே தண்ணீர்க் குடத்தின்மேல் ஒட்டிப் பாருங்கள், தெரியும்.

ஐஸ்கட்டி (8.40)
தம்பி, 30 வருடமாக மீனுக்கு ஐஸ் அடிக்கிறேன். பெட்டியைத் திறக்கும்போது மீனைச் சுற்றி ஐஸ் மிச்சம் இருந்தால் மீன் 0 டிகிரி பக்கம் இருக்கிறது என்று அர்த்தம். 1 கிலோ ஐஸ் உருக 80 கிலோகலோரி சூட்டை இழுக்கும். லேபிளுக்குக் கொடுக்கிற காசில் இன்னும் இரண்டு கூடை ஐஸ் போடலாம்.

உவர்நிலம் (9.00)
அண்ணாச்சி, நீங்கள் சொல்வது சரிதான், திறக்கும் அந்த நேரத்துக்கு. நடுவழியில் ஐஸ் தீர்ந்து மறுபடி போட்டிருந்தால் யாருக்குத் தெரியும்? மற்ற மீனைவிடச் சூரையில் இது பெரிய ஆபத்து. சூடு பட்டால் ஹிஸ்டமின் என்ற நச்சுப்பொருள் உண்டாகும். பிறகு ஐஸில் வைத்தாலும் போகாது, சமைத்தாலும் போகாது. சாப்பிட்டவருக்கு முகம் சிவந்து தலைவலி வரும்.

ஐஸ்கட்டி (9.12)
எங்கள் ஆட்கள் அப்படிச் செய்கிறவர்கள் இல்லை.

உவர்நிலம் (9.15)
உங்களைச் சொல்லவில்லை அண்ணாச்சி. வாங்குகிறவருக்கு உங்கள் ஆட்களைத் தெரியாதே.

தராசு (9.30)
இருந்தாலும் நாட்டு அமைப்பை ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

தேன்மெழுகு (10.05)
ஒன்றை எல்லாரும் விட்டுவிட்டீர்கள். பேட்டரி உண்டா என்ற கேள்விக்குப் பதிலே வரவில்லை. பேட்டரி இல்லாத லேபிள் ரீடரின் அலையிலிருந்து மின்சாரம் எடுத்து அந்த நொடியின் வெப்பநிலையைத்தான் சொல்லும். லாரி ஓடும்போது ரீடர் பக்கத்தில் இல்லையென்றால் அது எதையும் குறித்து வைக்காது. 40 பெட்டியும் படித்தாலும் நீங்கள் கேட்ட பதிவு கிடைக்காது.

கரைவலை (10.50)
பேட்டரி இல்லை. விற்றவர் இதைச் சொல்லவே இல்லை. இப்போது என்ன செய்ய?

தேன்மெழுகு (11.10)
இருக்கும் லேபிளை மூடியின் உள்பக்கம் ஒட்டுங்கள். லேபிளுக்கும் ஐஸுக்கும் நடுவே இரண்டு செ.மீ. தெர்மாகோல் துண்டு இருக்கட்டும். பெட்டி அடையாளத்துக்கு அது போதும். ஆனால் அங்கே அது காட்டுவது மூடிக்கு அடியில் உள்ள காற்றின் சூட்டை, மீனுடையதை அல்ல. பதிவுக்குப் பேட்டரியுள்ள லாகர் (வழியெல்லாம் வெப்பநிலையைத் தானே குறித்து வைக்கும் கருவி) வாங்குங்கள். எல்லாப் பெட்டிக்கும் முடியாவிட்டால் லாரிக் கதவோரம் ஒன்று, நடுவில் ஒன்று, மேலடுக்கில் ஒன்று. அதை மட்டும் ஐஸுக்குள் மீனை ஒட்டி வையுங்கள். என்எஃப்சி வகை என்றால் வெளியே எடுத்துத் துடைத்துப் போனில் படிக்கலாம்.

அலைமானி (11.20)
பேட்டரியை நான் 6.40க்கே கேட்டேன்.

கரைவலை (மறுநாள் மதியம் 1.15)
மூடியில் ஒட்டி அனுப்பினோம். 40ல் 35 வந்தது. லாகர் மூன்று கிடைத்தது, கதவோரம் வைத்தது மட்டும் விடியற்காலையில் 7 டிகிரி வரை ஏறியிருக்கிறது. அந்தப் பெட்டிகளைத் தனியே வைக்கச் சொல்லிவிட்டேன். எல்லாருக்கும் நன்றி, கரைக்குப் போகிறேன்.

ஐஸ்கட்டி (1.40)
கதவோரப் பெட்டிக்கு ஐஸ் கூடப் போட்டீர்களா தம்பி?

தேன்மெழுகு (2.05)
வராத ஐந்தும் அலுமினியத் தாள் ஒட்டிய பெட்டிகளா? அந்தத் தாள் அலையைத் தடுக்கும்.