மாற்றுத்திறனாளிகள் ஹோம்ல வீட்டாளுகளை விட்டவங்க, ஹோம் தேடுறவங்க உங்க அனுபவத்தைச் சொல்லுங்க (மதுரை பக்கம்)

வில்லாபுரத்துல இருந்து:
தம்பிக்கு ஆட்டிசம், வயசு 27, பேச்சு ரெண்டு மூணு வார்த்தைதான். அம்மாவுக்கு முட்டி ஆபரேஷன் ஆனப்புறம் அவனைக் குளிப்பாட்ட முடியல, அதான் ஹோம் தேட ஆரம்பிச்சோம். அழகர்கோயில் ரோடு, நத்தம் ரோடு, திருமங்கலம் பக்கம்னு சுத்துனோம். எங்க போனாலும் முதல்ல ஆபீஸ் ரூம், அப்புறம் சாமி படம் மாட்டுன ஹால், அப்புறம் பிசியோ ரூம்ல கவர் பிரிக்காத சைக்கிள். பசங்க தூங்குற இடத்தைக் காட்டுங்கன்னா "இப்ப ரெஸ்ட் எடுக்குறாங்க சார்"னுவாங்க. காலைல பதினோரு மணிக்கு அம்புட்டுப் பேரும் ரெஸ்ட்டா?

கடைசியா ஒரு இடத்துல விட்டோம், பேர் வேணாம். கொஞ்ச மாசத்துல ஆளு சாதுவாயிட்டான், பெரியப்பா "நல்ல ட்ரெயினிங்டா"ன்னு ஒரே பெருமை. எனக்கு என்னமோ மனசு ஒட்டல. பஸ் ஹாரன் சத்தம்னா குதிப்பான், நான் வாயால அடிச்சுக் காட்டியும் திரும்பிப் பாக்கல, வாயோரம் எச்சி, உடம்பு ஊதிப்போய் கெடந்தான். மருந்துச் சீட்டைக் கேட்டு வாங்கிப் பாத்தா ரிஸ்பெரிடோன் (ஆளை அமைதிப்படுத்துற மனநல மருந்து) டோஸ் ஏத்தியிருக்கு, எங்ககிட்ட ஒரு வார்த்தை கேக்கல. ஏன்னா "ராத்திரி கத்துறான் சார், மத்தவங்க தூங்க முடியல". சரி, எதுக்குக் கத்துறான்? அதை ஒருத்தரும் பாக்கல. பல் டாக்டர்ட்ட காட்டுனா கடவாய்ப் பல்லு சொத்தையாகி சீழ் வச்சிருக்கு, வலிக்குதுன்னு சொல்லத் தெரியாத பையன் கத்தாம என்ன செய்வான். பல்லைப் புடுங்குனப்புறம் மனநல டாக்டர் பைய பைய டோஸைக் குறைச்சாரு (நீங்களா திடீர்னு நிறுத்திறாதீங்க, அது வேற வம்பு). மருந்தே தப்புன்னு நான் சொல்லல. சத்தம் இல்லைன்னா எல்லாம் சரியா இருக்குன்னு நெனைக்கிற ஹோம்தான் எனக்குப் பயமா இருக்கு. உங்களுக்கெல்லாம் எப்படி?

மேலூர் பக்கத்துல இருந்து, ஹோம்ல வேலை பாத்தவங்க:
அண்ணே, நான் அந்தப் பக்கம் நின்னவ, அதையும் கேளுங்க. நைட் டூட்டிக்கு நான் ஒருத்தி, அந்த ஹால் முழுக்கப் புள்ளைக, அதுல நாலஞ்சு பேருக்கு வலிப்பு. ஒருத்தனுக்கு பிட்ஸ் வந்தா ஒருச்சாய்ச்சுப் படுக்க வச்சு தலைக்கு ஏதாவது மெத்துன்னு குடுத்து கூடவே இருக்கணும், அஞ்சு நிமிசத்துல நிக்கலைன்னா 108க்கு அடிக்கணும். அந்த நேரம் பாத்ரூம்ல இன்னொருத்தன் வழுக்கி விழுந்தா நான் எங்க ஓட? எங்களுக்கு யாரும் சொல்லிக் குடுக்கல, வாட்ச்மேன் அண்ணன் சாவிக்கொத்தைக் கையில திணிக்கிறதைத்தான் வைத்தியம்னு நெனச்சிருந்தோம், ஒரு நர்ஸ் வந்து வஞ்சப்புறம்தான் விட்டோம்.

அடிக்கிறவங்களையும் பாத்திருக்கேன், இல்லைன்னு சொன்னா பொய். ஆனா நல்ல ஆளுக நிக்கிறதே இல்ல, ஜவுளிக்கடைல இதை விட சம்பளம், உக்காரவும் நேரம். ஒரு பையனுக்கு சோத்துல தயிரும் குழம்பும் தொட்டுக்கிட்டா தட்டைத் தூக்கி எறிவான், அது எனக்குத் தெரியும், நான் வேலையை விட்டு நின்னுட்டேன், அடுத்து வந்த புள்ளைக்கு யாரு சொல்வா? எழுதி வைக்க நோட்டு இல்லண்ணே. "முரட்டுப் பய"ன்னு அவனுக்குப் பேரு விழுந்துருச்சு.

திருமங்கலத்துல இருந்து ஒரு அம்மா:
தம்பி, எனக்கு மக, 22 வயசு, அறிவுசார் குறைபாடு. ஒரு ஹோம்ல நேராவே கேட்டாங்க, கர்ப்பப்பையை எடுத்துட்டுக் கூட்டிட்டு வாங்க, மாசாமாசம் எங்களால பாக்க முடியாதுன்னு. ஏதோ பல்லு க்ளீன் பண்ணச் சொல்ற மாதிரி! 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்துல பிரிவு 10 இருக்கு, அவங்க சம்மதமில்லாம குழந்தை பெற முடியாதபடி ஆக்குற எந்த சிகிச்சையும் செய்யக் கூடாது. எடுத்துக் காட்டுனேன், "அதெல்லாம் புக்குல இருக்கும்மா"ன்னு சிரிக்கிறாங்க.

இன்னொன்னு. இந்த மாதிரி ஹோம் நடத்தணும்னா அதே சட்டத்துல பதிவு செய்யணும், சர்டிபிகேட்டை எல்லார் கண்ணுலயும் படுற மாதிரி மாட்டணும். சொசைட்டி பதிவு, டிரஸ்ட் பத்திரம்னு வேற பேப்பரைக் காட்டுவாங்க, அது இது இல்ல. சந்தேகம்னா கலெக்டர் ஆபீஸ்ல மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்துல கேளுங்க. கொடுமை நடந்தா ஆர்டிஓ (வருவாய் கோட்டாட்சியர்) மாதிரி நிர்வாக மாஜிஸ்திரேட்டுக்கு யாரு வேணாலும் தகவல் குடுக்கலாம், சொந்தக்காரங்களா இருக்கணும்னு இல்ல. ஏர்வாடில 2001 ஆகஸ்ட் 6ல 28 பேரு தீயில செத்தாங்களே, சங்கிலி போட்டிருந்ததால ஓட முடியல. அவங்க மனநோயாளிங்க, நம்ம புள்ளைக விசயம் வேற, ஆனா பூட்டி வச்சா தீக்கு வித்தியாசம் தெரியுமா? ராத்திரி சாவி யார்ட்ட இருக்குன்னு கேட்டுட்டுத்தான் இப்ப நான் பீஸே கேக்குறது.

வாடிப்பட்டில இருந்து:
நல்லதையும் சொல்லிறேன். எங்க அக்கா மக இருக்கிற இடம் சின்னது, எட்டுப் பேருதான், ஓட்டு வீடு, பாக்க ஒண்ணுமில்ல. ஆனா சேர்க்கப் போன அன்னைக்கு அந்த மேடம் எங்கக்காவை உக்கார வச்சு மதியம் வரைக்கும் கேள்விதான். எந்த எண்ணெய் தேய்ப்பா, வலிச்சா என்ன பண்ணுவா, வெடிச் சத்தத்துக்குப் பயப்படுவாளா, யாரோட சிரிப்பா. எல்லாத்தையும் எழுதி அடுப்படிலயும் படுக்குற ரூம்லயும் ஒட்டிட்டாங்க, ஆயா மாறுனாலும் பேப்பர் இருக்கும். அவளுக்குன்னு தனி சோப்பு, தனி அலமாரித் தட்டு. சொல்லாம கொள்ளாம போனாலும் உள்ள விடுறாங்க. அங்க சத்தம் ஜாஸ்திதான், ஒருத்தி பாடுவா ஒருத்தி சண்டை போடுவா. மாசப் பணம் எங்களுக்குக் கொஞ்சம் கடினம்தான், மறைக்கல.

வில்லாபுரம்:
திருமங்கலம் அக்கா, தம்பிக்கு 18 தாண்டிருச்சுல்ல, டோஸ் மாத்துனதைக் கேட்டப்போ "நீங்க லீகல் கார்டியனா (சட்டப்படி பாதுகாவலரா)"ன்னு என்னையவே கேட்டாங்க. இதுக்கு என்ன வழி?

திருமங்கலம் அம்மா:
1999 நேஷனல் டிரஸ்ட் சட்டத்துல கார்டியன் ஆர்டர் வாங்கணும் தம்பி, ஆட்டிசமும் அதுல வரும். கலெக்டர் தலைமைல லோக்கல் லெவல் கமிட்டி இருக்கு, அவங்கதான் ஆர்டர் போடுவாங்க. அண்ணன்னாலும் மனு குடுக்கலாம், ஆனா அம்மா இருக்கும்போது அம்மாவையும் கூட்டிட்டுப் போங்க. அப்படியே நிராமயா மருத்துவ இன்சூரன்ஸுக்கும் எழுதிருங்க, வைத்தியச் செலவுக்கு வருசத்துக்கு ஒரு லட்சம் வரைக்கும் கிடைக்கும். தம்பியோட சர்டிபிகேட், யூடிஐடி கார்டு (மாற்றுத்திறனாளி அடையாள அட்டை) எல்லாம் ஜெராக்ஸ் எடுத்துக்கங்க, முட்டி வலியோட அம்மாவை ரெண்டு தடவை அலைய விடாதீங்க.