அப்பச்சியின் மூக்குக் கட்டி மீண்டும் வளர்ந்திருக்கிறது: அனுபவமுள்ளவர்கள் வழிகாட்டுங்கள்

அனைவருக்கும் வணக்கம். நாங்கள் காரைக்குடிக்கு அருகில் வசிக்கிறோம். 61 வயதாகும் என் அப்பச்சிக்கு 3 ஆண்டுகளுக்கு முன் வலது மூக்கில் இருந்த வளர்ச்சியைச் சாதாரணச் சதை என்று கருதி அகற்றினார்கள். பிறகு வந்த பயாப்சி முடிவு அதை ‘இன்வர்ட்டட் பாப்பிலோமா’ என்றது. இப்போது அதே பக்கம் அடைப்பும் இரத்தக் கசிவும் தொடங்கியிருக்கின்றன; கன்னத்துச் சைனஸுக்குள் கட்டி மறுபடி வளர்ந்திருப்பதாகச் சொல்கிறார்கள்.

இது புற்றுநோய் அன்று என்றாலும், எலும்போடு ஒட்டிய வேர்ப்பகுதி சிறிது எஞ்சினாலும் திரும்ப வளரும் என்றும், சிலருக்குப் புற்றாக மாறக்கூடும் என்றும் அறிந்ததிலிருந்து ஆத்தா சரியாக உறங்குவதில்லை. முகத்தைக் கீறாமல், எண்டோஸ்கோப் வழியாக மூக்கின் பக்கச் சுவரில் ஒரு பகுதியை எடுத்து, கட்டி ஒட்டியிருந்த எலும்பையும் கருவியால் தேய்த்துவிட வேண்டும் என்று இப்போதைய மருத்துவர் விளக்கினார். சி.டி. ஸ்கேனில் எலும்பு தடித்துத் தெரியும் இடம் வேரைக் காட்டக்கூடும், எம்.ஆர்.ஐ. கட்டியையும் தேங்கிய சளியையும் பிரித்துக் காட்டும் என்பதால் இரண்டையும் எடுக்கச் சொல்லியிருக்கிறார். அந்த நிதானம் எனக்கு நம்பிக்கை தந்தது.

மதுரையிலோ திருச்சியிலோ இவ்வகை இரண்டாம் அறுவையைச் செய்துகொண்டவர்கள் இருந்தால், பிறகு கண்ணில் நீர் வடிதல், கன்னம் மரத்துப்போதல் போன்ற தொல்லைகள் இருந்தனவா, எத்தனை ஆண்டுகள் எண்டோஸ்கோப் பரிசோதனைக்குச் சென்றீர்கள், முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம் உதவியதா என்று தயவுசெய்து எழுதுங்கள்.